மெட்ரோவுக்கு வைத்த பழம்

ஆள் நிறைந்த ஒரு மெட்ரோ ரயிலை ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தால் நிறுத்திய ஆளை நீங்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். அது நான்தான். இதை இப்போது எழுத்தில் ஒப்புக்கொள்வதால் எனக்குப் புதிதாக ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதை எல்லாம் அன்றைக்கே, சென்னையின் நடு ஊரில், பூமிக்கு அடியில் ஓர் அதிகாரியின் அறையில் உட்கார்ந்து, மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டாயிற்று. எந்த நிலையம் என்று மட்டும் கேட்காதீர்கள். என் தங்கை இன்னும் அந்த வழியாகத்தான் வண்டி ஓட்டுகிறாள்.

நாங்கள் புதுச்சத்திரத்துக்காரர்கள். அப்பாவுக்கு மூன்று லாரி. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குப் பெயர் லாரி ஆபீஸ். நான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். கேபின் கதவு மாட்டுவதில் எனக்கு அப்போதே நல்ல பேர் (அந்தப் பேரை எனக்கு நானேதான் கொடுத்துக்கொண்டிருந்தேன்).

தங்கை கோகிலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வண்டிப் பைத்தியம். ஆனால் அப்பா அவளை ஸ்டியரிங் பக்கமே விட்டதில்லை. நிறுத்தியிருக்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால்கூட "எறங்கு அம்மிணி" என்று ஒரு சத்தம் வரும். அவள் சண்டை போடவில்லை. டிப்ளமோ படித்தாள், பரீட்சை எழுதினாள், ஒருநாள் மெட்ரோவில் ரயில் ஓட்டுகிற வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறது என்று காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். பயிற்சி முடித்து ஒரு வருஷம் ஓட்டலாம். அதற்குள் ஏதாவது ஒரு தப்பு, ஒரு ரிமார்க் வந்தால், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டும், பார்த்து வைத்திருக்கிற இடத்தில் கழுத்தை நீட்ட வேண்டும். கோகிலா சரி என்றாள். ஊரில் யாராவது கேட்டால் அப்பா, "மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலைங்க" என்பார். பெண் பிள்ளை டிரைவர் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

பயிற்சி முடிந்து, அவள் முதல் முறையாகத் தனியாக வண்டி எடுக்கிற நாள் வந்தது. அதை அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னாள். யாரும் வரக்கூடாது, வந்தால் எனக்குக் கை நடுங்கும் என்றும் சொல்லியிருக்கிறாள். அம்மா வயிற்றில் ரகசியம் தங்காது. ராத்திரி சோறு போடும்போதே கொட்டிவிட்டாள்.

"நாளானிக்குப் பத்தே கால் வண்டியாம். நம்ம அம்மிணி ஒருத்தியே ஓட்டறாளாமா."

அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு என்னிடம் வந்து, "ஏன் சாமி, அந்த வண்டிக்கு எத்தன டயரு?" என்றார்.

"ரயிலுக்கு டயர் இல்லீங்கப்பா. இரும்புச் சக்கரம்."

"உருளுதில்ல? அப்பறம் என்ன. எத்தன?"

போனில் பார்த்தேன். நாலு பெட்டி, பெட்டிக்கு எட்டு. "முப்பத்திரண்டுங்க."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் புது லாரியோ, புது டிரைவரோ, முதல் நடை கிளம்பும்போது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டி ரோட்டில் ஏறும். அப்பா தன் தொழிலில் ஒரு தடவைகூட இதைத் தவறவிட்டதில்லை. மகள் டிரைவர் என்று வெளியில் சொல்ல வெட்கம்தான். ஆனால் அதற்காகப் பழம் வைக்காமல் வண்டியை எடுக்க விடுவதா? அதெல்லாம் அவருக்கு வேறு வேறு கணக்கு.

மறுநாள் சாயங்காலம் பையை எடுத்துப் பார்த்தால் முப்பத்து நாலு பழம் இருந்தது.

"ரெண்டு சேத்தி இருக்குதுங்களே?"

"ஸ்டெப்னிக்கு."

"லாரிக்கு முன் டயருக்கு மட்டுந்தானுங்களே வைப்போம்?"

"அது லாரிடா" என்றார் அப்பா.

காலையில் சென்னையில் இறங்கி, முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, ஒன்பதரைக்கே நிலையத்துக்குப் போய்விட்டோம். திட்டம் எளிமையானது. அந்த நிலையத்தில்தான் ஓட்டுநர்கள் மாறுவார்கள் என்று அம்மா மூலம் தெரிந்திருந்தது. கோகிலா கண்ணில் படாமல் பழத்தை வைக்க வேண்டும், வண்டி நசுக்கிக்கொண்டு போக வேண்டும், நாங்கள் சத்தமில்லாமல் ஊருக்கு பஸ் ஏற வேண்டும். அப்பாவுக்குச் சென்னை புதிது. எனக்குப் புதிதில்லை (அதற்கு முன் ஒரே ஒரு தடவை வந்திருந்தேன், ஒரு கல்யாணத்துக்கு, மண்டபத்தை விட்டு வெளியே வரவில்லை). அதனால் நான்தான் வழிகாட்டி.

முதல் தடை நுழைவாயில். பையை இயந்திரத்துக்குள் அனுப்பினோம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் கண்ணைச் சுருக்கினார்.

"என்ன சார் இது, உருண்டை உருண்டையா?"

"பழமுங்க" என்றார் அப்பா.

"எவ்ளோ இருக்கு?"

"முப்பத்தி நாலுங்க."

"ஜூஸ் கடையா?"

"லாரி ஆபீசுங்க."

காவலர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பழத்தைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை போலிருக்கிறது. கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். "போவும்போது வாங்கிக்கறங்க, எடுத்து வைங்க" என்றார் அப்பா, ரேஷன் கடையில் பை வைத்துவிட்டுப் போவதைப் போல.

கீழே இறங்கியதும் இரண்டாவது அதிர்ச்சி. நடைமேடையின் ஓரம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். தரையிலிருந்து மேலே வரைக்கும். ரயில் வந்து நின்றால் அதன் கதவுக்கு நேராக இந்தக் கண்ணாடியிலும் கதவு திறக்கும். மற்ற நேரம் ஓர் ஈ உள்ளே போக முடியாது.

"தண்டவாளம் எங்கடா?" என்றார் அப்பா.

"அதுக்கு அந்தப் பக்கமுங்க."

"அப்பறம் டயருக்கு எப்படி வைக்கிறது?"

எனக்கு வியர்த்தது. அவ்வளவு குளிரான இடத்தில் வியர்த்தது. அப்பா கண்ணாடியில் மூக்கு ஒட்ட முகத்தை வைத்துக் கீழே எட்டிப் பார்த்தார். பணியாளர் ஒருவர் விசில் ஊதி, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போகச் சொன்னார். நாங்கள் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினோம்.

அங்கிருந்துதான் கோகிலாவைப் பார்த்தோம். நடைமேடையின் கோடியில் ஓர் அதிகாரியோடு நின்றுகொண்டிருந்தாள். சீருடை, இடுப்பில் பெல்ட், தோளில் பை, இழுத்துக் கட்டிய தலைமுடி. அப்பா அவளை அந்த உடையில் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். வேட்டியை மட்டும் அவிழ்த்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டார்.

"வைக்க முடியலீன்னா வேண்டாம் சாமி. மனசுல கும்புட்டுட்டுப் போயரலாம்" என்றார்.

இதைக் கவனியுங்கள். அவர் விட்டுவிட்டார். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். விடாதது நான். கதவு மாட்டுகிறவன் அல்லவா! அந்தக் கண்ணாடிக் கதவுகளை ஏற்கனவே அளந்து முடித்திருந்தேன். கதவு ஓடுவதற்குத் தரையில் ஒரு தடம் இருந்தது. அந்தத் தடத்தின் வாயில் பழத்தை வைத்துவிட்டால், கதவு மூடும்போது அதன் மேல் ஏறி நசுக்கிவிடும். டயர் ஏறினால் என்ன, கதவு ஏறினால் என்ன? நசுங்குவதுதானே முக்கியம்? இதை அப்பாவிடம் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உனக்கு இருக்கற மூள எனக்கு இல்ல சாமி" என்றார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அது சுமார் நாலு நிமிஷம் நீடித்தது.

ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. முன்னால் ஓட்டுநர் இறங்க, கோகிலா ஏறுவது தெரிந்தது. ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் ஒரு பழத்தை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு முதல் பெட்டியின் முதல் கதவுக்குப் போனேன். சந்தேகம் வராமல் இருக்க, ஷூ லேஸ் கட்டுகிறவனைப் போலக் குனிந்தேன். (நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு.) பழத்தைத் தடத்தின் ஓரத்தில் வைத்தேன். "நல்லபடியா ஓடோணும்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு எழுந்து, பின்னால் வந்து, அப்பா பக்கத்தில் நின்றேன்.

மணி அடித்தது. கதவுகள் மூடின. எங்கள் கதவு மட்டும் பாதி வந்து, பழத்தை முட்டி, "டொக்" என்று நின்று, திரும்பத் திறந்துகொண்டது.

மறுபடியும் வந்தது. மறுபடியும் டொக். மூன்றாவது தடவை பழம் பாதி நசுங்கி, கதவு போய் ஒளியும் சந்துக்குள் சிக்கிக்கொண்டது. இப்போது கதவு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

கதவில் ஏதாவது இருந்தால் அது மூடாது, ஒரு கதவு மூடாவிட்டால் ரயில் கிளம்பாது என்பது சென்னையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாடி கட்டுகிற நிபுணனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் லாரிக் கதவை யாரும் அப்படி இரக்கத்தோடு செய்வதில்லை. கை இருந்தாலும் மூடும்.

அப்போது ஒலிபெருக்கியில் குரல் வந்தது. "பயணிகளின் கவனத்துக்கு. கதவில் தடை இருப்பதால் ரயில் சற்றுத் தாமதமாகப் புறப்படும். தயவுசெய்து அமைதியாக இருக்கவும்."

கோகிலாவின் குரல். அச்சுப் போட்ட மாதிரித் தமிழ், கொஞ்சமும் நடுக்கமில்லை. அவளுடைய முதல் ஓட்டம். ஒரு ரிமார்க் வந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டும். அந்த ரிமார்க்கை எலுமிச்சை வடிவில் கொண்டுபோய் அவள் கதவில் சொருகியவன் கூடப்பிறந்த அண்ணன்!

ஓடிப்போய்க் குனிந்து விரலால் நோண்டினேன். "கைய எடு! கைய எடு!" என்று ரயிலே கத்தியது. பணியாளர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார், அவருக்குப் பின்னால் கோகிலாவோடு நின்றிருந்த அதிகாரியும் வந்தார். நான் பின்வாங்கினேன். கூட்டம் கூடிவிட்டது. பணியாளர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், எலுமிச்சம்பழம் சார்."

"எலுமிச்சம்பழமா? யார் வெச்சது?" என்றார் அதிகாரி.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாகச் சேர்ந்து, எல்லோரையும் விடச் சத்தமாக, "என்ன ஜனங்களோ போங்க! இவ்வளவு நல்ல எடத்துல வந்து இப்படிப் பண்ணுவாங்களா? இவங்களை எல்லாம் புடிச்சு உள்ள போடோணும் சார்!" என்றேன். பேச்சில் வேகம் வர வேண்டும் என்பதற்காகக் கையை வேறு ஆட்டினேன். பை இருந்த கையை. பையின் அடி கிழிந்தது.

முப்பத்து மூன்று எலுமிச்சம்பழங்கள் பளபளவென்று துடைத்து வைத்திருந்த அந்தத் தரையில் விழுந்து, எந்தத் தடையும் இல்லாமல், நாலா பக்கமும் உருண்டன. ஒன்று அதிகாரியின் ஷூவில் போய் முட்டி நின்றது. கடைசிப் பழம் உருண்டு நிற்கும் வரை எல்லோரும் பழத்தையே பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

அப்போது அப்பா தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். கையைக் கூப்பிக்கொண்டிருந்தார்.

"பழம் எங்களுதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்க புள்ள ஓட்டற வண்டிங்க. மொதல் நடைங்க. அதான் வச்சோமுங்க."

"யார் பிள்ளை?"

"உள்ள ஓட்டறாளே, கோகிலா. என்ற புள்ளைங்க. அவதான் டிரைவருங்க!"

ஊரில் இரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை, பூமிக்கு அடியில், முன்பின் தெரியாத இருநூறு பேர் முன்னால், எந்த இடத்தில் சொல்லவே கூடாதோ அந்த இடத்தில் உரக்கச் சொன்னார். நான் அப்படியே தரைக்குள் போய்விட ஆசைப்பட்டேன். ஏற்கனவே தரைக்குள்தான் இருந்தோம், மேலும் போக வழியில்லை.

முன்னால் ஓட்டுநருக்கென்று இருந்த சின்னக் கதவு திறந்தது. கோகிலா எட்டிப் பார்த்தாள். தரை முழுக்கப் பழம், நடுவில் நான், கை கூப்பியபடி அப்பா. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, "நடைமேடையில இருக்கறவங்க எல்லாரும் மஞ்சக் கோட்டுக்குப் பின்னால போங்க. ஐயா, நீங்களுந்தான்" என்றாள். ஐயா என்றது அப்பாவை. எங்கள் வீட்டில் அப்பாவைத் தள்ளிப் போகச் சொல்ல அதுவரை ஆள் பிறக்கவில்லை. அவர் "சரிங்க" என்று சொல்லி, கோட்டைக் குனிந்து பார்த்து, சரியாக அதற்குப் பின்னால் போய் நின்றார்.

பணியாளர் ஒரு திருப்புளியால் பழத்தைத் தோண்டி எடுத்தார். கதவு மூடியது. சிவப்பு விளக்கு அணைந்தது. ரயில் போயிற்று.

எங்களையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அதிகாரியின் அறையில் பேர், ஊர், தொழில் எல்லாம் எழுதினார்கள். அபராதம் போட்டார்கள்.

"எதுக்கு வெச்சீங்க?" என்றார் அதிகாரி.

"நல்லதுக்குங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார்.

"உங்க பொண்ணு இன்னும் வேலையில நிரந்தரம் ஆகல. தெரியுமா? இதை நான் எழுதித்தான் ஆகணும். மேல போகும். என்ன முடிவு பண்ணுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

நியாயமாகப் பார்த்தால் அப்பா கேட்டது இதுதான். ஒரு ரிமார்க். மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள், கல்யாணத்தை முடித்துவிடலாம். ஆனால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க சாமி. வராதீங்கன்னுதான் சொன்னா. என்ற மேல எழுதுங்க, இவன் மேல எத்தன வேணும்னாலும் எழுதுங்க. அவ பேர எழுதாதீங்க. அந்தப் புள்ளைக்கு வண்டின்னா உசுருங்க. நாந்தானுங்க இத்தன நாளா ஓட்ட உடல..."

நான் அப்பாவின் கண்ணில் தண்ணீரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் ஒரு பழத்தால் வந்தது. எனக்கு என்னையே ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது.

மதியம் வேலை முடிந்து கோகிலா வெளியே வந்தாள். நாங்கள் நிலையத்தின் வாசலில் வெயிலில் நின்றிருந்தோம். அவள் அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"ஏண்ணா, உனக்கு அறிவிருக்குதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரு பழம் சரி. முப்பத்தி நாலு எதுக்கு?"

"முப்பத்திரண்டுதான் வண்டிக்கு. ரெண்டு ஸ்டெப்னிக்கு."

அவள் என்னை முறைத்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு நடைபாதையிலேயே உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். அப்பா அவள் பக்கத்தில் குத்தவைத்து, "வேலைக்கு ஒண்ணும் ஆவாதில்ல கண்ணு? ஆவாதில்ல?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார். "தெரியலீங்கப்பா" என்றாள் அவள்.

இருபது நாள் எங்கள் வீட்டில் எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மெமோ வந்தது. கோகிலா அதைப் படம் எடுத்து அனுப்பினாள். ஆபீஸ் தமிழில் ஒரு முழுப் பக்கம். நான் லாரி ஆபீஸில் உட்கார்ந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரயில் ஓட்டுநர் கோகிலாவின் முதல் ஓட்டத்தில், மேற்படி ஓட்டுநரின் சகோதரர் நடைமேடைக் கதவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்ததால் தாமதம் ஏற்பட்டது. தாமதத்தின்போது ஓட்டுநர் பதறாமல் முறைப்படி நடந்துகொண்டார். இருந்தாலும், தம் குடும்பத்தாருக்குப் பாதுகாப்பு விதிகளை எடுத்துச் சொல்லும்படி ஓட்டுநர் எச்சரிக்கப்படுகிறார். அவ்வளவுதான். வேலை தப்பியது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதை நாமக்கல்லில் பெரிதாக பிரிண்ட் எடுத்துக் கண்ணாடி சட்டம் போட்டு வாங்கி வரச் சொன்னார்.

"இது திட்டி வந்த கடுதாசிங்கப்பா!"

"தெரியுது. வாங்கிட்டு வா."

அதை ஆபீஸில், தன் நாற்காலிக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார். அன்றிலிருந்து லோடு பேச வருகிறவர்கள், டயர் கம்பெனிக்காரர்கள், சும்மா டீ குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கோகிலா ஊருக்கு வந்தால், நான் எந்த வாசலில் நின்றாலும் அந்த ஒலிபெருக்கிக் குரலில் "கதவில் தடை இருப்பதால்" என்று ஆரம்பிப்பாள், தெருக் குழந்தைகள் மீதியைச் சொல்லி முடிக்கும்.

எனக்குப் பெண் கொடுக்க ராசிபுரத்திலிருந்து முதல் முறையாக வந்தவர்கள்கூட ஆபீஸ் வழியாகத்தான் வீட்டுக்கு வந்தார்கள். என் மாமனார் ஆகப்போகிறவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நின்ற வாக்கிலேயே அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தார். நான் டீ டம்ளர்களோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, இதுல சகோதரர்னு போட்டிருக்கறது நம்ம மாப்பிள்ளைங்களா?" என்று கேட்டார்.

"அவனேதானுங்க" என்றார் அப்பா. பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, கண்ணாடியில் மேல் வரியில் விரலை வைத்தார். "இங்க ஓட்டுநர்னு போட்டிருக்குது பாருங்க, அது என்ற புள்ளைங்க."